கசங்காத படக்கதை

ராசிபுரம் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நான் வேலை பார்த்தபோது, சர்க்கரை நோயாளிகளுக்கான படக்கதைப் புத்தகம் ஒன்று வந்தது. அதன் நாயகன் லாரி டிரைவர். கேபினில் சாமி படம் இருப்பதால் எங்கள் பக்கத்து டிரைவர்களைப் போலவே அவனும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவான். சர்க்கரையால் மரத்துப்போன அவன் பாதம் இன்ஜின் சூட்டில் வெந்துபோகும். அவனுக்கு உறைக்கவே உறைக்காது.

செய்தித்தாள் மேசையில் அதை வைத்தேன். லோடு இல்லாத நாட்களில் பேப்பர் படிக்க வரும் டிரைவர் ஒருவர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர், இரண்டு பக்கம் புரட்டினார். “ஏனுங்க, இது நம்ம கதையாட்டமே இருக்குதுங்க!”

அதற்குள் ஆய்வுக்கு வந்த அதிகாரி அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார். “பொம்மை போட்டிருந்தா குழந்தைகள் பிரிவுதான். இதுகூடவா தெரியாது?”

சர்க்கரைப் புண்ணைப் பற்றி ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படித்து என்ன கிழிக்கும்? ஆனாலும் அந்தப் பிரிவிலேயே கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் வந்த டிரைவர், குட்டி நாற்காலிகள் போட்டிருந்த அந்த மூலையைப் பார்த்தார். “வேண்டாமுங்க, புள்ளைங்க சிரிக்கும்” என்று பேப்பரை எடுத்துக்கொண்டார். எழுந்துபோய் எடுத்துக் கொடுக்க எனக்கு என்ன கேடு?

சில மாதம் கழித்து, வலது காலில் இரண்டு விரல் இல்லாமல் வந்தார்.

அடுத்த ஆய்வில் அதே அதிகாரி அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து என்னைப் பாராட்டினார்.

“ஒரு பக்கம்கூடக் கசங்கல. நல்லா வெச்சிருக்கீங்க.”