ஆடி ஞாயிற்றுக் கேஸ்

செகந்திராபாத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்றவன் நான். மூன்று மெஸ் வைத்தேன், சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குச் சாப்பாடு அனுப்ப வேன் வாங்கினேன், தகப்பனில்லாத தங்கை மகனை இன்ஜினீயராக்கினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. கை கொடுத்தவர் ஒருவருமில்லை.

அந்த மருமகனைக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பவிருந்த ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மன் கோவில் பால்குட ஊர்வலத்துக்குள் ஒரு கார் ஹாரனடித்துக்கொண்டு நுழைந்தது. ஒரு பெண் மிரண்டு குடத்தோடு சறுக்கி விழுந்தாள். மருமகன் காருக்குக் குறுக்கே நின்று கத்தினான். வழிமறித்தான், பொது இடத்தில் கூச்சல் போட்டான் என்று போலீஸ் கேஸ் எழுதியது.

கோவில் கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். நடைபாதையில் கடை போட்டு வளர்ந்த அவர்களுக்கு இது பழகிய சங்கதி: கோர்ட்டில் போய்த் தலையாட்டு, ஃபைன் கட்டு, வந்து கடையைத் திற.

மருமகனும் ஹைதராபாத் உருது கலந்து அதையேதான் சொன்னான். "கைக்கு மாமா, எதுக்கு டென்ஷன்? ஃபைன் கட்டிட்டா முடிஞ்சுது."

"நக்கோ, வேணாம்! வக்கீலைக் கேக்காம நீ வாயத் தொறக்காத."

வக்கீல் சொன்னார்: "ஒத்துக்கிட்டா குற்றவாளின்னு தீர்ப்பாயிடும். விசா ஃபாரத்துல அதைக் கேப்பாங்க. வெறுமனே கத்தினது குத்தமில்லீங்க. கலாட்டா மூட்டணும்னு கத்தினானா, வேணும்னே வழிய மறிச்சானான்னு அவங்கதான் நிரூபிக்கணும்."

"நிரூபிக்கட்டும்" என்றேன்.

தங்கை அழுதாள். "அண்ணா, உன் வீம்புல எம்புள்ள வாய்ப்பே போயிடும்!"

வாய்தாவுக்கு மேல் வாய்தா. கம்பெனி அவன் பயணத்தைத் தள்ளிவைத்தது. நான் அசையவில்லை. மூன்று மெஸ்ஸையும் மூடிவிட்டு, விழுந்த பெண்ணையும் அவளோடு குடம் சுமந்தவர்களையும் என் வேனிலேயே கோர்ட்டுக்கு அழைத்துப் போனேன். இவர் குறுக்கே நிற்காவிட்டால் கார் என்மேல் ஏறியிருக்கும் என்று அவள் தெலுங்கில் நீதிபதியிடம் பட்டென்று சொன்னாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுதலையானான். விமானமும் ஏறினான்.

இப்போது கமிட்டியில் வக்கீலின் திறமை என்கிறார்கள், அம்மன் அருள் என்கிறார்கள். இருக்கட்டும், இரண்டையும் நான் மறுக்கவில்லை. தலையாட்டாதே என்று தடுத்தது யார்? அந்தப் பெண்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது யார்? இந்த வருஷ ஆடி நோட்டீஸில் வக்கீலுக்கு நன்றி போடும் இடத்தில் என் பெயரும் வர வேண்டும். அவர் பெயருக்கு மேலே போட்டாலும் தப்பில்லை.