டைல்ஸ் கடைக்குள் ஒரு வயலின் வகுப்பு

அந்த இடம் அதற்கு முன்பு டைல்ஸ் கடையாக இருந்தது. தரை, சுவர், தூண் என்று ஒரு சாண் விடாமல் மாதிரி டைல்ஸ் ஒட்டி வைத்திருந்தார்கள். ஒரு சுவர் முழுக்கத் திராட்சைக் கொத்து, எதிர்ச்சுவரில் துள்ளும் மீன்கள். அக்காவும் தம்பியும் வாடகைக்குப் பார்க்க வந்த அன்று தம்பி நடுக்கூடத்தில் நின்று கையைத் தட்டிப் பார்த்தார். சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, அடங்குவதற்கு வெகுநேரம் பிடித்தது.

"இங்க யார் பாடினாலும் நல்லாத்தான்க்கா இருக்கும். குளியலறை மாதிரி. தண்ணி சத்தம் ஒண்ணுதான் குறை."

அக்கா சிரிக்கவில்லை. "டைல்ஸ் எல்லாத்தையும் பேத்துடணும். ஒண்ணுகூட இருக்கக் கூடாது" என்றார்.

ஊரில் அவரை வயலின் டீச்சர் என்றால்தான் தெரியும். தன் வீட்டுக் கூடத்திலேயே பல வருடங்களாக வகுப்பு நடத்தி வந்தார். கணவர் இரவு ரயில் ஓட்டுபவர். பகலில் அவர் உள்ளறையில் தூங்க, வெளியே குழந்தைகள் வயலினைக் கீச்சுக் கீச்சென்று இழுப்பார்கள். மனிதர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தலையணையைக் காதுமேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். தம்பி சந்தைக் கட்டடத்தில் வாத்தியக் கடை வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கடையும் வகுப்பும் ஒரே கூரையின்கீழ் வந்தால் என்ன என்று கேட்டவர் அவர்தான். முன்பக்கம் கடை, பின்பக்கம் பள்ளி.

வேலை தொடங்கியது. கொத்தனார் உளியும் சுத்தியலுமாகத் திராட்சையை உதிர்க்க ஆரம்பித்தார். புழுதி தொண்டையை அடைத்தது. தச்சர் வந்து குறுக்குச் சுவருக்கு மரச்சட்டம் அடித்தார். இரண்டு பலகைகளுக்கு நடுவே பஞ்சு திணித்தால் சத்தம் கடைக்குப் போகாது என்று ஏற்பாடு. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டீச்சரின் அறையைத் தவிர.

அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. கதவை முதலில் வடக்கே வைக்கச் சொன்னார். தச்சர் சட்டம் அடித்து முடித்ததும், தான் உட்காரும் இடத்தை மாற்றி, கதவைத் தெற்கே கொண்டுபோகச் சொன்னார். பிறகு அதுவும் வேண்டாம் என்றார்.

"டீச்சர், கதவு என்ன வயலினா? தடவைக்குத் தடவை திருகிச் சுருதி சேக்கிறதுக்கு?" என்று தச்சர் கேட்டே விட்டார்.

தம்பிக்கும் பொறுமை போயிற்று. "கண்ணாடித் தடுப்பு வச்சா கடைக்கு வர்றவங்க பிள்ளைங்க வாசிக்கிறதப் பார்ப்பாங்க. நீ என்னடான்னா மூலையில போய் ஒளிஞ்சுக்கிறதுக்கு இடம் தேடற. என்னக்கா ஆச்சு உனக்கு?"

"எனக்கு அந்த மூலைதான் வேணும். விடு" என்று பேச்சை முடித்துவிட்டார்.

மீன் சுவரைப் பெயர்த்த அன்றுதான் அது நடந்தது. கொத்தனார் சாரத்தின்மேல் நின்று தட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் கீழே, சாரமும் சுவரும் தனக்கு வலப்புறம் இருக்க, ஜன்னல் பக்கம் பார்த்து நின்றிருந்தார். சுவரின் மேற்பகுதி பாளமாகக் காரையோடு பிளந்து சாய்ந்தது. "டீச்சர், தள்ளுங்க!" என்று கொத்தனார் கத்தினார். டீச்சர் பதறி விலகினார். ஆனால் குரல் எதிர்ப்பக்கமிருந்து வந்தது போல, விலகியது சுவரை நோக்கி. தம்பி பாய்ந்து முழங்கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் மணல் மூட்டையின்மேல் விழுந்தார்கள். அவர் நின்ற இடத்தில் மீன்கள் சுக்குநூறாகக் கிடந்தன.

கொத்தனார் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். அவர் போனதும் தம்பி அக்காவின் பின்னால் போய், வலது காதருகே மெல்லக் கூப்பிட்டார். "அக்கா." அசைவில்லை. இடப்பக்கம் வந்து கூப்பிட்டார். திரும்பினார்.

"எப்போலேருந்து?"

டீச்சர் புடவையில் ஒட்டிய காரையைத் தட்டிக்கொண்டே சொன்னார். "போன வருஷம் காய்ச்சல் வந்துச்சே, அப்போ. காலைல எழுந்தா இந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்கல. நரம்பு போயிடுச்சு, இனி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வயலின் இடது தோள்லதானே இருக்கு, நான் வாசிக்கிறது எனக்கு நல்லாவே கேக்குது. கூட்டமாப் பிள்ளைங்க வாசிச்சா, தப்பு வர்றது தெரியுது, எங்கேருந்து வருதுன்னுதான் தெரியல. எதிரொலி இருக்கிற இடத்துல இன்னும் மோசம்."

"என்கிட்டகூடச் சொல்லலையே."

"எங்க அக்காவுக்குப் பாம்புக் காது, அவங்க தட்டிப் பார்த்த வயலினைத்தான் விப்பேன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமை பேசிட்டிருக்க. அதைக் கேட்டுக்கிட்டு எப்படிடா சொல்றது?"

தம்பி குனிந்து, உடைந்த மீன் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட ஆரம்பித்தார்.

மாலையில் ரயில்காரர் வேலைக்குக் கிளம்பும் வழியில் எட்டிப் பார்த்தார். "மாமா, உங்களுக்குத் தெரியுமா?" என்று தம்பி தனியே கேட்டார்.

"தெரியாம என்ன மாப்ளே. நான் எந்தப் பக்கம் நடந்தாலும் அவ சுத்தி வந்து என்னை இடப்பக்கமா ஆக்கிக்குவா. அப்புறம் நானே அந்தப் பக்கமா நடக்க ஆரம்பிச்சுட்டேன். அவளாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

மறுநாள் தம்பி தச்சரைக் கூப்பிட்டு அக்காவை அவர் கேட்ட அந்த மூலையிலேயே உட்காரச் சொன்னார். வலப்புறம் சுவர். கதவும் மாணவர்களும் இடப்புறம். கூரையிலிருந்து கனத்த துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டார்கள். தரையில் பாய் விரித்தார்கள். கையைத் தட்டினால் இப்போது சத்தம் தட்டிய இடத்திலேயே அடங்கிற்று. கண்ணாடித் தடுப்பும் வந்தது, ஆனால் டீச்சரின் அறைக்கு அல்ல, கடை ஓரத்துப் பயிற்சி அறைக்கு.

திறப்பதற்கு முன் டீச்சர் பெற்றோர்களை வரவழைத்து, எல்லோர் முன்னிலையிலும் தானே சொன்னார். ஒரு அப்பா மறுநாளே மகனை நிறுத்திவிட்டார். அது டீச்சருக்கு வலித்தது. சில நாள் வீட்டுக் கூடத்தில் அந்தப் பையன் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புது இடத்துக்கு மற்றவர்கள் வந்தார்கள். குட்டிப் பெண் ஒருத்தி மட்டும் சுவருக்கும் டீச்சருக்கும் இடையில் நுழைந்து, வலது காதருகே எதையோ கிசுகிசுத்துவிட்டு முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு, "நிஜமாவே கேக்கல!" என்று மற்றவர்களிடம் தீர்ப்புச் சொன்னாள்.

காய்ச்சலுக்குப் பிறகு டீச்சர் நிறுத்தியிருந்த கூட்டு வகுப்பு அங்கேதான் மறுபடி தொடங்கியது. பிள்ளைகள் வரிசையாக நின்று வாசித்தார்கள். நடுவில் ஒரு இழுப்பு பிசகியது. டீச்சர் வில்லைத் தாழ்த்தினார்.

"யாரோ தப்பா வாசிச்சீங்க. யாருன்னு எனக்குத் தெரியல. வாசிச்சவங்களே கையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கடைசியில் நின்ற ஒரு பையன் மெதுவாகக் கையை உயர்த்தினான். அவனைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. சற்று நேரத்தில் வரிசை முழுக்கக் கைகளாக நின்றது, சரியாக வாசித்தவர்கள் உட்பட.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ எல்லாரும் மொதல்லேருந்து" என்று சொல்லி வயலினைத் தோளில் வைத்துக்கொண்டார்.