பெகிமாயின் மூக்கு

எங்கள் மலையூர் கொல்லெமோராவில் இருநூற்றுப் பத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறவள் பெகிமாய். பால் வண்டிக்காரன் கேனின் மூடியைப் பாதி தூக்கும்போதே, "இது நேத்துப் பால், திருப்பி எடுத்துட்டுப் போ" என்பாள். அவனும் தினம் சத்தியம் செய்வான், தினம் திருப்பி எடுத்துக்கொண்டு போவான். ஊரே அவள் மூக்கைப் பற்றிப் பெருமை அடிக்கிறது. அந்த மூக்கு முதன்முதலில் வேலை காட்டியது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். அன்றைக்கு இந்த ஊரில் ஒருத்தரும் பெருமை அடிக்கவில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம், கிர்கிஸ்தான் நாட்டு மலைப்பக்கத்திலிருந்து எங்கள் மலையடிவாரச் சமையல் பள்ளியில் இரண்டு வருஷம் படிக்க வந்தாள். வயது இருபத்துமூன்று. என் இஸ்திரிக் கடைக்கு மேலே இருந்த அறையை வாடகைக்கு எடுத்தாள். நானும் என் வீட்டுக்காரர் லெயார்கோவும் பிள்ளை இல்லாதவர்கள். மூன்றாம் நாளே, "அத்தை, கீழே வந்து சாப்பிடட்டுமா? தனியா சாப்பிட்டா தொண்டையில இறங்கல" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் மேசையில் மூன்று தட்டு.

முதல் மாதம் முழுக்க எங்கள் சாப்பாட்டோடு அவளுக்குச் சண்டைதான். பாஸ்தாவைக் கடித்துப் பார்த்து, "உள்ள வேகவே இல்ல அத்தை, இன்னும் பத்து நிமிஷம் வைங்க" என்றாள். லெயார்கோ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். எங்கள் ஊர் ரொட்டியில் உப்பு போடுவதில்லை. இவள் பையிலிருந்து ஒரு உப்புப் பொட்டலத்தை எடுத்து ரொட்டிமேல் தூவினாள்.

"என்ன பொண்ணு, ரொட்டிக்குக் கண்ணேறு கழிக்கிறியா?" என்றார் லெயார்கோ.

"இல்ல மாமா, உசுரு குடுக்கிறேன்."

ஆட்டுக் குடல் குழம்பு வைத்த அன்று மட்டும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இப்பத்தான் நீங்க மனுஷங்க மாதிரி சமைச்சிருக்கீங்க" என்றாள்.

அவள் பன்றி இறைச்சி சாப்பிட மாட்டாள். எங்கள் பக்கத்துச் சமையலில் பாதி அதுதான். பள்ளியில் சமைத்தாக வேண்டும், ஆனால் வாயில் வைக்க முடியாது. உப்பை மட்டும் பக்கத்துப் பையனிடம் கேட்டுக்கொண்டு, கொழுப்பு உருகியதா, மசாலா இறங்கியதா, உள்ளே வெந்ததா என்பதையெல்லாம் முகர்ந்தே பிடித்தாள். வகுப்பில் சிரித்தார்கள். கோடைக்குள் அவர்கள் எல்லாரும் தங்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு இவள் மூக்குக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். நாக்கில் வைக்க முடியாததை மூக்கில் வைத்துக்கொண்டாள் என்று நான் பக்கத்துக் கடைகளில் எல்லாம் சொன்னேன். பெற்றவளைவிட எனக்குத்தான் திமிர் அதிகம்.

எங்கள் மேசையில் அவளுக்கு முதல் நாளிலிருந்தே பிடித்த பொருள் ஒன்றே ஒன்று, லெயார்கோவின் ஆலிவ் எண்ணெய். தட்டில் ஒரு சொட்டு விடாமல் ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவாள். லெயார்கோவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். "பாத்தியா ஓர்னெல்லா, எங்கேயோ மலையில குதிரைப் பால் குடிச்சு வளர்ந்த பொண்ணுக்கே தெரியுது. நம்ம ஊர்ப் போட்டி நடுவருங்களுக்குத் தெரியல!" என்பார்.

ஏன் பிடிக்கும் என்று ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னாள். அவள் அம்மா வெண்ணெயை ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பாளாம். இந்த எண்ணெய்க்கு அதே வாசமாம். முகர்ந்தால் வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருக்குமாம். நான் அவள் வாயைப் பொத்தினேன். "தாயே, இதை மட்டும் உன் மாமாகிட்ட சொல்லிடாதே!"

அவள் மூக்கு சொன்னது பொய்யில்லை. லெயார்கோவுக்கு நூற்றுநாற்பது மரம். காயைப் பறித்துக் கோணியில் கட்டி, ஒன்பது நாள் கார் நிறுத்தும் கொட்டகையில் வைப்பார். காய் உள்ளே சூடேறி வேர்த்தால்தான் எண்ணெய் கூடுதலாக இறங்கும் என்பது அவர் அப்பா சொல், அப்பாவின் அப்பா சொல். கோணிக்குள் கையை விட்டால் கதகதவென்று இருக்கும். நான் கடலோர ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த முதல் இரவே அந்த எண்ணெயில் புழுங்கல் வாடை அடிப்பது எனக்குத் தெரிந்தது. புதுப்பெண் வாயைத் திறப்பாளா? அப்புறம் திறக்க வேளை வரவில்லை. முப்பத்தொரு வருஷம் போய்விட்டது. என் கோழைத்தனத்துக்கு நான் குடும்ப அமைதி என்று பேர் வைத்திருந்தேன்.

நவம்பர் முதல் ஞாயிறு ஊரில் புது எண்ணெய்த் திருவிழா, கூடவே போட்டி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதால், ஊர்க்காரன் எவனையும் நடுவராக உட்கார வைப்பதில்லை. மச்சானுக்கு ஒரு மார்க், சம்பந்திக்கு ஒரு மார்க் என்று ஒரு வருஷம் மண்டை உடைந்ததிலிருந்து, இந்த மலையில் ஒரு உறவும் இல்லாத வெளிநாட்டு மாணவர்கள்தான் நடுவர்கள். பள்ளியில் லவீனியா டீச்சர் நாற்பது நாள் பழக்கி ஏழு பேரை அனுப்புவார். நிறம் தெரியாமல் இருக்க நீலக் கண்ணாடிக் கிண்ணம், அதன்மேல் வெறும் எண். நடுவர் தங்கியிருக்கும் வீட்டுக்காரர்கள் போட்டியில் சேரக்கூடாது.

அந்த வருஷம் ஏழு பேரில் பெகிமாய் ஒருத்தி. இருபத்திரண்டு வருஷமாக முதல் பத்துக்குள்கூட வராத லெயார்கோ என்ன செய்தார் தெரியுமா? என் அப்பா வீட்டுப் பேரில் எண்ணெயைச் சேர்த்துவிட்டார். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டில் ஒரு ஓட்டு இருக்கிறது என்று மனக்கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெகிமாய் பதினான்காம் கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து மூடிச் சூடேற்றி, திறந்து முகர்ந்தாள். அவள் முகம் மாறியது. எழுந்து நின்றாள்.

"டீச்சர், இதுக்கு நான் மார்க் போடக்கூடாது. இது நான் சாப்பிடுற வீட்டு எண்ணெய்."

மண்டபமே லெயார்கோவைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. லவீனியா டீச்சர் அவள் மார்க் சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு, மற்ற ஆறு பேரையும் தொடரச் சொன்னார். சாயங்காலம் எல்லோருக்கும் முடிவுத் தாள் கொடுத்தார்கள். எங்களுடையதில் ஆறு பேரும் ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள்: காய் புழுங்கிய குறை, போட்டிக்குத் தகுதி இல்லை.

இரவு, பெகிமாய் மேலேயிருந்து சாப்பிட இறங்கி வந்ததும் லெயார்கோ தாளை மேசைமேல் அடித்தார்.

"நீ மார்க் போட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

"நான் போட்டிருந்தா அந்த வரியை ஆறு பேருக்குப் பதிலா ஏழு பேர் எழுதியிருப்போம் மாமா" என்றாள் பெகிமாய்.

"எட்டு மாசமா வழிச்சு வழிச்சுத் தின்னியே! உண்ட வீட்டுக்கே ரெண்டகமா?"

"எனக்குப் பிடிக்கும், அதனால தின்னேன். எங்க அம்மா ஆட்டு இரைப்பையில வைக்கிற வெண்ணெய் வாசம் இதுல இருக்கு. வெண்ணெய்க்கு அந்த வாசம் சரி. எண்ணெய்க்குச் சரியில்ல. கோணியில ஒன்பது நாள் புழுங்கினா வேற எப்படி இருக்கும்?"

"ஆட்டு இரைப்பையா! என் எண்ணெய் ஆட்டு இரைப்பையா! ஏய் ஓர்னெல்லா, நீ சொல்லு. நீ சொல்லு இவகிட்ட!"

அவள் மேலே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் கீழே வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இந்த வீட்டைவிட்டால் அவளுக்கு இந்த நாட்டில் போக இடமில்லை. அப்படியும் சொல்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"அவ சொல்றது நிஜம்யா. வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

லெயார்கோ என்னைப் பார்த்தார். அவளைத் திட்டியதில் பாதிகூட என்னைத் திட்டவில்லை. நாற்காலியை மெதுவாகத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெட்டியை நானே மேலே போய் அவிழ்த்தேன். "அவரு பேசினாலும் பேசலைன்னாலும் நீ இங்கதான் இருக்கே" என்றேன்.

அடுத்த மூன்று நாள் அந்த மனிதர் ரொட்டியை வெறுமனே தின்றார். எண்ணெய்ப் புட்டியைப் பார்க்கக்கூட இல்லை. பெகிமாயோடு பேச்சில்லை. நான்காம் நாள் அவள் பள்ளி அனுப்பிய பயிற்சிக்காக மூன்று வாரம் கடற்கரை ஊர் ஹோட்டல் ஒன்றுக்குக் கிளம்பினாள். பேருந்து ஏறும்போது, "மாமா திரும்பிக்கூடப் பாக்கல அத்தை" என்று அழுதாள்.

மரத்தில் இன்னும் பாதிக் காய் இருந்தது. அவள் போன மறுநாள் லெயார்கோ விடியலிலேயே வலை விரித்துப் பறிக்க ஆரம்பித்தார். மத்தியானம் மூன்று மணிக்கு, பறித்த காயைத் தன் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக ஆலைக்குப் போனார். ஆலைக்காரன் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தானாம். "லெயார்கோ, காய்ச்சலா? இன்னைக்குப் பறிச்ச காயை இன்னைக்கேவா?"

"வாயை மூடிட்டு மிஷினைப் போடு."

எட்டு நாள் தினமும் அப்படித்தான். முதுகு பிடித்துக்கொண்டது, கோபம் மட்டும் விடவில்லை. பச்சைப் பசேலென்று இறங்கிய எண்ணெயை ஒரு கரண்டி வாயில் விட்டார். இரண்டு தடவை இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. "கடிக்குது" என்றார். இன்னொரு கரண்டி விட்டுக்கொண்டார்.

பெகிமாய் திரும்பி வந்தபோது மேசையில் பழைய எண்ணெய்தான் இருந்தது. புதியதைக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கு இஸ்திரி போட்ட சட்டைகளைக் கொடுக்கப் போன என் கையில் ஒரு சின்னப் புட்டியைத் திணித்தார்.

"டீச்சர்கிட்ட குடு. இன்னைக்கு வகுப்புல வைக்கச் சொல்லு. யாரோடதுன்னு அவகிட்ட சொல்லக்கூடாது."

"நேராவே அவகிட்ட குடுத்தா என்னய்யா?"

"நேரா குடுத்தா பாவம் பார்த்து நல்லாயிருக்குன்னு சொல்லிடுவா."

அவள் பாவம் பார்க்கிறவளா என்று நான் கேட்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள். லெயார்கோ ரொட்டியை அறுத்துக்கொண்டே, ஏறக்குறைய நாலு வாரத்துக்கு அப்புறம் அவளோடு முதல் வார்த்தை பேசினார்.

"வகுப்புல இன்னைக்கு என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "ஒன்பது கிண்ணம் மாமா. எட்டு சுமார்தான். ஆறாம் நம்பர்..." சொல்லும்போதே அவள் குரல் ஏறியது. "தக்காளிக் காம்பைக் கிள்ளினா வருமே, அந்த வாசம். அறுத்த புல்லு வாசம். தொண்டையில இறங்குறப்போ நல்லா காரம். டீச்சர் நூத்துக்கு எத்தனைன்னு கேட்டாங்க, நான் தொண்ணூத்தாறு போட்டேன். இத்தனை நாள்ல நான் போட்ட பெரிய மார்க் அதுதான்."

கத்தி ரொட்டியின் நடுவில் நின்றுவிட்டது.

"நம்மளது ஏதாவது அதுல இருந்துச்சா?"

அவள் சங்கடப்பட்டாள். அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டுமே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இல்ல மாமா. நம்மளது இருந்தா எனக்குத் தெரியாதா?"

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"கண்ணைக் கட்டிவிட்டாலும் நம்ம எண்ணெயை நான் கண்டுபிடிச்சிடுவேன். சத்தியமா அதுல இல்ல."

லெயார்கோ மேசையை ஓங்கித் தட்டினார். தட்டுகள் குதித்தன. "தெரியலயாம்! ஓர்னெல்லா, கேட்டியா, இவளுக்குத் தெரியலயாம்!" என்று கத்திக்கொண்டே கொட்டகைக்கு ஓடினார். முதுகுவலிக்காரர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். தகர டப்பாவோடு திரும்பி வந்து, அவள் தட்டில் குளம் கட்டும் அளவுக்கு ஊற்றினார்.

பெகிமாய் குனிந்து முகர்ந்தாள். அப்படியே நிமிராமல் இருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாமப் போச்சே மாமா" என்றாள்.

"தெரியக்கூடாதுன்னுதான் பொண்ணு எட்டு நாள் முதுகை ஒடிச்சுக்கிட்டேன். சாப்பிடு."

மறுநாள் காலை, போட்டியில் கோப்பை வாங்கியவர்கள் எல்லாம் கூடியிருந்த காபிக் கடையில், என் வீட்டுக்காரர் நடுவில் நின்று மார்தட்டினார். "எங்க வீட்டுப் பொண்ணு மூக்கு இருக்கே, இந்த மலையில அதுக்குத் தப்பினது எதுவுமே கிடையாது. அதையே ஏமாத்தினவன் நான்!"