எந்தக் கையால் கொடுத்தாள்

நீர் பொய் சொன்னீர். தெரியாமல் சொன்னதல்ல, தெரிந்தே சொன்னது. எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, படம் காட்டும் துணிக்குப் பக்கத்தில் நின்று நீர் சொன்ன அந்தப் பொய்யால் என் அக்காவின் கல்யாணம் நின்றது.

எங்கள் ரப்பர் தோட்டம் சிம்பாங் பூலாயிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள் தூரம். வருஷத்துக்கு ஒரு தடவை பயாஸ்கோப்காரன் பெட்டியோடு வருவான். ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். துணிக்கு முன்னால் நாற்காலியில் துரை, அவர் சம்சாரம், ஆபீஸ் ஆட்கள். லயத்து வீடுகளில் குடியிருக்கும் கூலியாட்களான நாங்கள் துணிக்குப் பின்னால், சாக்கை விரித்து உட்காருவோம். துணியை நனைத்தால்தான் பின்பக்கம் படம் தெளிவாகத் தெரியும். அதற்குத் தண்ணீர் சுமந்ததும் நாங்கள்தான்.

படத்தில் பேச்சு கிடையாது. நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும். அதைப் படித்து எங்களுக்குத் தமிழில் சொல்வது உமது வேலை. துணியின் ஓரத்தில் முன்பக்கமாக நின்றுகொண்டு, தகரக் குழாயை எங்கள் பக்கம் திருப்பிப் பேசுவீர். எழுத்தைப் படிப்பதோடு நீர் நிறுத்திக்கொண்டதில்லை. விளக்கு அணைந்தால் அது ஆத்மா என்பீர். ஒருத்தி படியிறங்கினால் பாவத்தில் இறங்குகிறாள் என்பீர். மழை பெய்தால் அது வினை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். விடியற்காலையிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வருகிறவனிடம், அணைகிற விளக்குக்குக்கூட அர்த்தம் உண்டு என்று ஒருவர் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அக்காவைப் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் மாமாவும். அக்கா இடதுகைக்காரி. சோறு உண்பதும் பரிமாறுவதும் வலக்கையால்தான். ஆனால் பால் வெட்டும் உளியைப் பிடிப்பது இடக்கையில். எல்லாரும் மரத்துக்கு ஒரு பக்கம் நின்று வெட்டினால் அவள் மறுபக்கம் நின்று வெட்டுவாள். அம்மா இதை மறைக்கப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு யாரோ முன்னமே சொல்லிவிட்டார்கள். அவர் சிரித்தார்.

"எந்தக் கையா இருந்தா என்ன? பாலு மங்குக்குள்ள விழுதா? அது போதும்லா."

தை மாதம் என்று பேசி வெற்றிலை மாற்றினார்கள். அன்று சாயங்காலமே படம். இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று அழைத்தது நான். அந்த அம்மாளை என் பக்கத்திலேயே சாக்கில் உட்கார வைத்தேன்.

படத்தில் ஒரு வெள்ளைக்காரன் நோயில் படுத்திருக்கிறான். பெண்டாட்டி அவனுக்குப் பால் கொண்டுவந்து கொடுக்கிறாள். அப்போது அவள் கையை மட்டும் துணி முழுக்கப் பெரிதாகக் காட்டினார்கள். இடது கை. லயத்து ஆட்கள் கசமுசவென்று பேசினார்கள். "வெள்ளக்காரன் பூரா பீச்சாங்கைதான்டா" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சிரித்தான். நான் எழுந்து கத்திக் கேட்டேன்.

"ஐயா, அந்தம்மா ஏன் நொட்டாங்கையால குடுக்குது?"

கேட்டது நான்தான். அதை நான் யார் தலையிலும் போடவில்லை.

நீர் துணியைப் பார்த்தீர். பிறகு குழாயைத் தூக்கினீர்.

"நல்ல கேள்வி! படத்துல காரணம் இல்லாம ஒரு இலைகூட அசையாது. வலது கை தர்மம். இடது கை வஞ்சகம். இடது கையால ஒருத்தி குடுக்கிற பாலு பாலா? யோசிச்சுப் பாருங்க!"

அந்தப் பாலைக் குடித்து அவன் செத்தான். கடைசியில், விஷம் வைத்தது அவன் தம்பி என்று தெரிந்து நீதிபதி அவளை விட்டுவிட்டார். நீர் விடவில்லை. "சட்டம் விட்டிடும், கை காட்டிக் குடுத்திடும்" என்றீர். என் பக்கத்தில் அந்த அம்மாள் வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுநாள் காலையில் அந்த அம்மாள் மூட்டையைக் கட்டிவிட்டார்.

"எனக்கு ஒரே மவன்யா."

"அத்தே, அது வெறும் படம்."

"படிச்சவரு சொல்றாரு. காரணமில்லாம அம்மாம் பெருசா கையக் காட்டுவானா? அந்த மனுசன் குடிச்சிட்டுச் செத்தத நான் ரெண்டு கண்ணால பாத்தேன்."

நானும் என் கண்ணால்தான் பார்த்திருந்தேன். அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உளியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு இடமும் கையைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பின. உமது விளக்கம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த மாதமே நான் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குப் போய், ரயில் சாமான் கொட்டகையில் மூட்டை தூக்கினேன். ஆறு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்குப் போனேன். அங்கே எல்லாருக்கும் துணிக்கு முன்னால்தான் இடம். அதே படம். அதே பெண்பிள்ளை. கை பெரிதாக வந்தது. வலது கை.

எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவன், "மச்சான், உக்காருலா! தல மறைக்குது!" என்று கத்தினான். படத்தில் எல்லாரும் வலக்கையால் எழுதினார்கள், வலக்கையால் கும்பா பிடித்தார்கள். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் மாறித் தெரியும், அவ்வளவுதான் விஷயம். துரை வலக்கையால் கையெழுத்துப் போடுவதை நாங்கள் தினமும் காலையில் ஆளெண்ணும் பெரட்டில் பார்த்தவர்கள். ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. அது எங்கள் மடத்தனம்.

ஆனால் நீர் முன்னால் நின்றவர். உமது கண்ணுக்கு அவள் வலக்கையால்தான் கொடுத்தாள். "நீங்க பின்னால உக்காந்திருக்கீங்க, அதனால மாறித் தெரியுது" என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் எங்களைப் பின்னால் உட்காரவைத்தீர்கள் என்று கேள்வி வரும், துரை பக்கத்தில் இருக்கிறார். அதோடு, அதில் தத்துவமும் இல்லை, கைதட்டலும் இல்லை.

தோட்டத்துக்கு ஓடினேன். அக்காவிடம் சொன்னேன். அவள் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மாப்பிள்ளைக்குக் கல்யாணமாயி ரெண்டு புள்ள இருக்கு தம்பி. இப்ப போயி எந்தக் கையின்னு யாருகிட்ட சொல்லப் போற?"

பேசிக்கொண்டே வெட்டினாள். வலக்கையால். கல்யாணம் நின்ற அந்தக் காலையிலிருந்தே அப்படித்தானாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு வருஷமாகியும் பழகாத கை. வெட்டு பட்டையைத் தாண்டி ஆழமாகப் போய் மரம் புண்ணாகிறது. கங்காணி தினமும் ஏசுகிறான். "பழையபடி வெட்டுக்கா" என்றேன். "அந்தக் கைக்கு இப்ப வராதுடா" என்றாள். அதற்கு மேல் நான் செய்ய என்ன இருக்கிறது? துணியைத் திருப்பிக் கட்டினால் போதுமா?

நீர் இப்போது ஈப்போவில் பெரிய மனிதர். வாசகசாலையில் மாதம் ஒரு தடவை சலனப்படங்களின் உட்பொருள் என்று பேசுகிறீர். போன மாதம் நானும் வந்திருந்தேன். ரயில் என்றால் காலம், கண்ணாடி என்றால் மனசாட்சி என்றீர். எழுந்து கேட்டேன். "கேள்விய எழுதிக் குடுப்பா" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டீர். இதோ எழுதிவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுந்து நிற்பேன். உட்பொருள் எதுவும் வேண்டாம். அன்றைக்கு நீர் நின்ற இடத்திலிருந்து உமது கண்ணுக்கு என்ன தெரிந்தது? அந்தப் பெண்பிள்ளை எந்தக் கையால் பால் கொடுத்தாள்? சபை முன்னால், எல்லாருக்கும் கேட்கும்படி, உமது வாயால் சொல்லும்.