ஓர் அசைக்கு ஒரு சுரம்

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஆங்கிலேயருக்கென்று ஒரு சிறிய தேவாலயம் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் அதைக் கூட்டித் துடைப்பது என் வேலை. மன்னார்க் கத்தோலிக்கன் புரட்டஸ்தாந்துக் கோவிலைத் துடைக்கிறான் என்று நம்மவர்கள் குடியிருக்கும் போர்கோ வெக்கியோப் பகுதியில் என்னைக் கேலிசெய்யாத ஆளில்லை.

ஆனால் அங்கே கேட்ட பாட்டு என்னை மயக்கிவிட்டது. ஆர்கன் வாசிக்கும் ஆங்கிலேய சிஞ்ஞோரா அம்மா பாடினால் என் அரைகுறை ஆங்கிலத்துக்கும் சொல் விளங்கியது. காரணம் கேட்டேன். இங்கிலாந்து ரோமைவிட்டுப் பிரிந்தபோது வழிபாடு லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியதாம். சனங்களுக்கு விளங்கவேண்டும், கூடியவரை ஓர் அசைக்கு ஒரு சுரமே போதும் என்று பேராயர் ஒருவர் சொன்னாராம். வேதாகமச் சங்கீதங்களைச் சனங்களே பாடத் தொடங்கினார்களாம். பின்னிப் பின்னி இசையமைத்துப் பழகியவர்களுக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்திருக்கும். அப்படியும் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள்! கத்தோலிக்கனாக இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் ரோசமாகத்தான் இருந்தது.

அந்தத் தவக்காலத்தில், எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த அக்கா ஒருவரின் மகன் ஊரில் ஷெல் விழுந்து செத்துப்போனான். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ கைக்கு வராததால் அவரால் அடக்கத்துக்குப் போகமுடியவில்லை. முப்பத்தோராம் நாள் பூசையில் மாதாவின் புலம்பலைத் தானும் பாடவேண்டும் என்றார். பாடகர் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. நாங்களோ ஒரு சொல்லைப் பிடித்தால் மூச்சு முட்டும்வரை இழுப்பவர்கள். ஒத்திகையில் அக்கா வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார்.

“தம்பி, நீங்கள் வடிவாத்தான் பாடுறியள். நான் எங்கை வந்து சேருறதெண்டுதான் விளங்கேல்லை. அவனுக்கு நான் செய்யக்கூடியது இது ஒண்டுதானே.”

இழுவையெல்லாம் வேண்டாம், ஓர் அசைக்கு ஒரு சுரம் என்று குழுவிடம் சொன்னேன். ஹார்மோனியக்காரருக்கு முகம் சுண்டிப்போனது.

“உதென்ன, புரட்டஸ்தாந்துப் பாட்டே?”

“ஓம், அதுதான்.”

பூசையன்று அக்காவுடன் வேலைசெய்யும் சைவக்காரப் பெண்களும் வந்து பின்வரிசை வாங்குகளில் இருந்தார்கள். அக்கா எங்களோடு சேர்ந்து தெளிவாகப் பாடினார். பல்லவி நாலாவது தடவை வந்தபோது, ‘என் மகனே’ என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டார். எனக்கும் பாட வரவில்லை. குழு முழுவதும் ஓய்ந்துபோனது. அப்போது பின்வரிசையிலிருந்து அந்தப் பெண்கள் பாடினார்கள். திரும்பத் திரும்ப வந்த பல்லவி அதற்குள் அவர்களுக்குப் பாடமாகியிருந்தது. கோவிலே சேர்ந்துகொண்டது.

அக்கா பாடவில்லை. அத்தனை பேர் தன் மகனை அழைப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.