உப்புப் பலகை யன்னல்

நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அப்பாவின் வள்ளம் கரையில் பிளந்து கிடந்தது. அதில் உக்காத பலகைகளைத் தெரிந்தெடுத்துத்தான் அப்பா எனது யன்னலைச் செய்தார்.

வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும். நாங்கள் ஆறு பேர். ஓட்டுக்குக் கீழே பலகைத்தட்டுப் போட்டு எனக்குப் படிக்க இடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான் ஒருத்திதான். அதை வீட்டில் யாரும் மறந்துபோக நான் விட்டதில்லை. தட்டில் வெளிச்சம் போதவில்லை என்று, கூரையைத் திறந்து ஓட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் யன்னல் ஒன்றும் கேட்டேன். கொழும்பில் ஒரு பழைய வீட்டில் அப்படிப் பார்த்திருந்தேன்.

கூரையைத் திறக்க வந்த மேசன் சிரித்தார். "மன்னாரில வீட்டுக்கு மூக்கு வைக்கிறது நீங்கள்தான். மாரியில தடிமன் பிடிக்கும், பாத்துக்கொள்ளுங்கோ."

முதல் மாரியிலேயே அந்த மூக்குக்குச் சளி பிடித்தது. யன்னலின் பக்கப் பலகை ஓட்டைத் தொடும் மூலையால் தண்ணீர் இறங்கி, தட்டின் இடுக்குகளால் வடிந்து, கீழே அம்மாவின் கட்டிலில் விழுந்தது. வாதத்தால் அம்மாவுக்கு நிலத்தில் படுக்க முடியாது. கட்டிலைப் போட வேறு இடமும் இல்லை. சீமெந்து பூசினோம், வெடித்தது. தகரம் வளைத்து அடித்தோம், கடற்காற்று ஒரே வருடத்தில் அதைத் தின்று முடித்தது.

மூன்றாம் வருடம் அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இந்த முறையும் ஒழுகினா அந்த மூக்கை அறுத்து எறியுங்கோ. என்ர இடுப்பு போன பிறகு ஆருக்கு வெளிச்சம்?"

நான் பல்கலைக்கழகத்துக்காக இரண்டாந்தரம் சோதனை எழுத இருந்த வருடம் அது. யன்னல் போனால் தட்டு இருட்டு. கீழே தம்பி, தங்கைகளின் சத்தம். அந்த மூலை அடைபட்டே ஆகவேண்டும்.

படகுகளுக்கு ஒட்டுவதுபோல பைபர் துணி வைத்து ரெசின் பசை பூசலாம் என்று சொன்னது நான்தான். மழையில்லாத ஒரு கிழமையாகப் பார்த்து அப்பா கூரையில் ஏறினார். பலகையைச் சுரண்டித் துடைத்தார். பிறகு குனிந்து நாக்கால் தொட்டுப் பார்த்தார். நான் உள்ளே இருந்து யன்னலால் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, உப்பு இன்னும் விடேல்லை. இதில ரெசின் பிடிக்குமோ?"

"மேல காஞ்சிருக்குத்தானே. பிடிக்கும் அப்பா."

"புத்தகத்தில அப்பிடியோ கிடக்கு?"

"ஓம்."

எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் படித்திருக்கவில்லை. தெரியாது என்று அப்பாவிடம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவர் மறுபேச்சில்லாமல் தூரிகையை ரெசினில் தோய்த்தார்.

காய்ந்தபின் அது கண்ணாடிபோல இறுகியது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஒரு சொட்டும் இறங்கவில்லை. "படிச்சவள் படிச்சவள்தான்" என்று அம்மா கட்டிலுக்கு மேல் கட்டியிருந்த பொலித்தீனை அவிழ்க்கச் சொன்னார். நான் அன்று எவ்வளவு நிமிர்ந்து நடந்தேன் என்பதை நினைக்க இன்னும் கூசுகிறது.

வாடைக்காற்றோடு மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் அம்மா நனைந்த சேலையோடு கட்டில் விளிம்பில் இருந்து தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் மேலே ஏறிப் பார்த்தேன். பைபர் ஒரே தோலாகக் கிளம்பி நின்றது. அதற்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, பலகை விரலால் அமர்த்தினால் அமிழும் அளவுக்கு ஊறியிருந்தது.

உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். விஞ்ஞானப் பாடத்தில் நான் அதை எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். மாரியில் உப்புப் போத்தலில் நீர் கட்டுவது அம்மாவுக்கும் தெரியும். அப்பா என்னிடம் கேட்டதும் அதைத்தான்.

அப்பா ஏணியில் நின்று ஊறிய பலகையைத் தடவிப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் வாய் காட்டியாவது இருப்பேன்.

"இனி எதால ஒட்டுவம், பிள்ளை? நீ யோசிச்சுச் சொல்லு."

அவர் உண்மையாகவே என் பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்கு அழுகை வந்தது.

"தெரியாது அப்பா. கழட்டுங்கோ."

"அப்ப உன்ர சோதினை?"

நான் தட்டில் கிடந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினேன்.

மழை விட்டதும் கழற்றினார். பலகைகள் கையோடு பிய்ந்து வந்தன. குறுக்குச் சட்டங்களை அடித்துவிட்டு அவர் வெளியே நின்று ஓடு அடுக்க, நான் தட்டில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். துவாரம் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசி ஓட்டை நீட்டியபோது அவருடைய விரல்கள் மட்டும் தெரிந்தன. ஓடு பொருந்திய பிறகு அவையும் தெரியவில்லை. "சரி பிள்ளை, இறங்கு" என்ற குரல் மட்டும் கேட்டது. நான் காலால் துழாவி ஏணியைத் தேடினேன்.