சரஸ்வதி பூஜையன்று நிறுத்திய கணினி

எங்கள் வீட்டுக் கணினி ஒரு நாள் எதையோ கொறிக்க ஆரம்பித்தது. எலி புகுந்துவிட்டது என்று நினைத்து மேசைக்கடியில் துடைப்பத்தை விட்டு ஆட்டிப் பார்த்தேன். எலி இல்லை. சத்தம் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது.

மலாக்கா கடலோரம் கிளேபாங்கிலிருந்து மச்சானை வரவழைத்தோம். மச்சான் என் மனைவியின் தம்பி. அவருக்குக் கணினி தெரியும் என்பது குடும்பத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம், ஏனென்றால் வேறு யாருக்கும் தெரியாது. பெட்டியின் மேல் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“மாமா, ஹார்ட் டிஸ்க் போகப்போவுது. ஓடுற வரைக்கும் ஓடும். நிறுத்திட்டீங்கன்னா திரும்ப எழுந்திரிக்காது. அக்கா, நீயும் கேட்டுக்க. சுவிட்ச தொடாத.”

“நான் ஏன்டா தொடப்போறேன்? ஒங்க மாமாதான் அத கட்டிக்கிட்டு அழுவுறாரு.”

நான் அழுததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பெட்டிக்குள் அவளுடைய குரல் இருந்தது.

அவளுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. நவராத்திரி முடிந்ததும் அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்தது. குரலுக்குப் போகும் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, சிலருக்குக் குரல் மாறிப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, தெரிந்த பாட்டையெல்லாம் வியர்க்க வியர்க்கப் பாடிக் கணினியில் பதிந்து வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் கோயில் பஜனையில் பாடுகிறவள் அவள். நன்றாகப் பாடுவாள் என்று எழுத ஆசைதான். சத்தமாகப் பாடுவாள். கோயில் மைக் கெட்டுப்போன நாட்களில் அவளுக்குத்தான் மவுசு.

இப்போது அந்தப் பாட்டுகள் இருந்த பெட்டி சாகக் கிடந்தது. எங்கள் கணினிக்குச் சிடியைப் படிக்கத்தான் தெரியும், எழுதத் தெரியாது. பென் டிரைவ் எல்லாம் அப்போது நகைக்கடைச் சாமான் மாதிரி. மச்சான் வேறு வழி சொன்னார். இணையத்தில் எங்கோ ஒரு கம்பெனி இலவசமாக இடம் தருகிறது, எல்லாவற்றையும் அங்கே ஏற்றிவிடலாம் என்றார்.

“வீடே எரிஞ்சாலும் அங்க பத்திரமா இருக்கும், அக்கா.”

“வீடு எரியுறப்ப நீங்க ரெண்டு பேரும் உக்காந்து என் பாட்ட கேப்பீங்களா?”

இணையம் எங்கள் பகுதிக்கு வந்த புதிது அது. காஜா பேராங்கில் எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது அதற்கு மூச்சு வாங்கிவிடும். ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் நெற்றி வரைக்கும் தெரியும். கீழே இறக்குவதே இப்படியென்றால் மேலே ஏற்றுவதைச் சொல்லவே வேண்டாம். திரையில் ஒரு பச்சைக் கோடு வளர்ந்தது. அது வளர்கிறதா, நாம்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோமா என்று தெரியாத வேகம்.

அந்தக் கோட்டுக்கு ஒரு எதிரி இருந்தது. தொலைபேசி. இரண்டுக்கும் ஒரே கம்பி. மணி அடித்தால் இணையம் அறுந்துவிடும். பேசி முடித்த பிறகு அது தட்டுத்தடுமாறித் திரும்ப வரும், ஏறிக்கொண்டிருந்த கோப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்படி ஆகக்கூடாது என்று மச்சான் கம்பியில் ஏதோ ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார். அதன் பிறகு தொலைபேசியில் இரைச்சல் கேட்டது, இணையம் வழக்கம்போல் அறுந்தது.

என்னால் தொலைபேசிக்குத் தொல்லையே கிடையாது. நாட்டுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்த வருடம் பிறந்த எனக்கு இத்தனை வயதாகியும் அதை எடுத்துப் பேசக் கூச்சம். மணி அடித்தால் குளியலறைக்குப் போய்விடுவேன். ஆனால் மனைவிக்கு உஜோங் பாசிரில் ஒரு அக்கா. காலையில் என்ன சமையல் என்று கேட்க ஒரு அழைப்பு, மத்தியானம் அது எப்படி வந்தது என்று கேட்க ஒன்று, சாயங்காலம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்க ஒன்று. அறுவை சிகிச்சை நெருங்க நெருங்க அழைப்புகள் இன்னும் கூடின.

ஒரு நாள் மச்சான் பொறுமை இழந்து, தொலைபேசிக்குப் பிரிந்து போகும் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டார். கோடு நன்றாக வளர்ந்தது. மத்தியானம் வரை மணி அடிக்காததால் சந்தேகப்பட்ட மனைவி, கம்பி தரையில் கிடப்பதைக் கண்டுபிடித்தாள்.

“யாரு புடுங்குனது?”

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் மேல்கூரையைப் பார்த்தார்.

“ஒன் கொரல காப்பாத்தத்தான்கா. நீ பேசுனா ஒன் பாட்டு அறுந்து போவுது.”

“டேய், இன்னும் கொஞ்ச நாள்ல பேச முடியுமோ முடியாதோன்னு இருக்கேன். பொட்டிக்குள்ள இருக்கிற கொரலுக்காக, வாயில இருக்கிற கொரல மூடிக்கணுமா?”

கம்பியை மாட்டிவிட்டு உஜோங் பாசிர் அக்காவை அழைத்து, எங்களைப் பற்றி முழுவதும் சொன்னாள். பச்சைக் கோடு திரும்பக் குழந்தையானது.

சரஸ்வதி பூஜை வந்தது. அதற்கு மறுநாள் விஜயதசமி, அதற்கும் மறுநாள் அறுவை சிகிச்சை. பூஜையன்று அக்காவும் மற்ற உறவினரும் கோயிலிலும் அடுப்படியிலும் இருப்பார்கள், யாரும் அழைக்கமாட்டார்கள், அன்றைக்கே பாட்டுகள் ஏறி முடிந்துவிடும் என்று மச்சான் கணக்குப் போட்டார். காலையில் கோடு ஓடத் தொடங்கியதும் பூவும் பொரியும் வாங்க நானும் மச்சானும் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குப் போனோம். கூட்டத்தில் நசுங்கித் திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கொறிக்கும் சத்தம் இல்லை.

கணினி சாமி மேடைக்கு முன் வாழை இலைமேல் உட்கார்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் என் பழைய அகராதி, அவளுடைய தையல் கத்தரிக்கோல், பாட்டுப் புத்தகங்கள். எல்லாக் கம்பிகளும் சுருட்டி ரப்பர் போட்டு ஓரமாக வைக்கப்பட்டிருந்தன.

“அக்கா! நிறுத்தாதன்னு சொன்னேன்ல!”

“சரஸ்வதிக்கு முன்னாடி இன்னிக்கி எது ஓடுது? புஸ்தகம் மூடியிருக்கு, கத்தரிக்கோல் மூடியிருக்கு. இதுக்கு மட்டும் என்ன பெரிய இது? பாட்டு அவளோடது. கொரலக் குடுன்னு வேண்டிக்கிட்டு, அவ பொட்டிய ஒரு நாள்கூட ஓய்வு குடுக்காம ஓட்டுனா கேப்பாளா?”

“திரும்ப எழுந்திரிக்காதுக்கா.”

“என்னையுந்தான் மயக்க மருந்து குடுத்து நிறுத்தப்போறாங்க. நான் எழுந்திரிப்பேன்ல? அப்ப அதுவும் எழுந்திரிக்கும்.”

சொல்லிவிட்டாள். இனி அந்தப் பெட்டி எழுந்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மா, சந்தனம் பூசிய கணினியைப் பார்த்து நின்றார். அவருடைய முன்னோர் மலாக்காவுக்கு வந்து பல நூறு வருடமாகித் தமிழ் மறந்துவிட்டதால், எங்களோடு மலாயில்தான் பேசுவார். “கம்ப்யூட்டருக்கு என்ன உடம்பு?” என்று மலாயில் கேட்டார். சாகக் கிடக்கிறது என்று மச்சான் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சுண்டலை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பூஜையைப் பிரித்ததும் மூவரும் கணினி முன் உட்கார்ந்தோம். மச்சான் கம்பிகளை மாட்டிச் சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது. உள்ளே டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். அப்புறம் அதுவும் நின்றது. மச்சான் மறுபடி தட்டினார். பக்கவாட்டில் லேசாக ஓர் அறை கொடுத்தார். திரை கறுப்பாகவே இருந்தது.

நான் மனைவியைப் பார்க்காமல், கணினி மேலிருந்த குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அதைத்தான் பார்த்தாள். மூச்சை இழுத்துவிட்டாள்.

“சரி. எனக்கு வரவேண்டியது அதோட போச்சு,” என்றாள். “எடுத்து வெளிய வைங்க.”

கண்ணாடி உடைந்தால், தேங்காய் அழுகினால் நம் வீடுகளில் சொல்வதுதான். அது போல ஆறுதலான வார்த்தையை அதுவரை நான் கேட்டதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

சாயங்காலம் மச்சான் தன் வீட்டில் அந்த இணைய இடத்தைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“பிள்ளையார் பாட்டு ஒண்ணு ஏறியிருக்குக்கா.”

“மிச்சம்?”

“மிச்சம் ஏறல.”

“இத்தன நாளா அப்ப என்னடா ஏறுச்சு?”

மச்சான் காதைச் சொறிந்தார். கணினியில் அவர் தனக்கென்று வைத்திருந்த படங்கள் வரிசையில் முன்னால் இருந்திருக்கின்றன. கூலிங் கிளாஸ் போட்டு, யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்துகொண்டு, பக்கவாட்டிலிருந்து, கீழிருந்து, முழு உருவமாக எடுத்தவை. ஒன்று விடாமல் பத்திரமாக ஏறியிருந்தன.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கழுத்தில் கட்டியோடு அவள் அப்படிச் சிரித்தது எனக்குப் பயமாகக்கூட இருந்தது. “வீடு எரிஞ்சாலும் நீ இருப்படா,” என்றாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் என்னைப் பார்த்துக் கையைத்தான் ஆட்டினாள். குரலை இப்போதைக்குச் சிரமப்படுத்தவேண்டாம் என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். வீடு வெறிச்சென்று ஆனது. நான் வாயைத் திறக்காமல் இருப்பது என் சுபாவம். அவளும் திறக்கவில்லை என்றால் அது வீடு மாதிரி இல்லை, கூட்டம் கலைந்த மண்டபம் மாதிரி இருந்தது. அக்கா அழைத்தபோதெல்லாம் மச்சான்தான் எடுத்துப் பேசினார். அவர் இல்லாதபோது அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு மத்தியானம் மணி அடித்தது. நான் குளியலறைப் பக்கம் திரும்பினேன். மனைவி போய் எடுத்துவிட்டாள்.

“அலோ,” என்றாள். துருப்பிடித்த தகரத்தைத் தரையில் இழுத்தது போல ஒரு குரல்.

அக்காவின் பேச்சு அறைக்கு வெளியேயும் கேட்கும். “யாரு சார்? என் தங்கச்சிய கூப்புடுங்க சார்.”

“சாருமில்ல, மோருமில்ல. நான்தான்கா.”

அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

“ஏன் அழுவுற? பேசுறேன்ல. என்ன? பாட்டா? தெரியல, பொறுத்துப் பாக்கணுங்கிறாங்க.” கொஞ்சம் இருமினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். “திட்டுறதுக்கு இது போதும்கா.”

காலால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இப்போதைக்கு முடிகிற பேச்சில்லை என்று தெரிந்து, அவளுக்குத் தேநீர் கலக்க நான் உள்ளே போனேன்.